நிகாஹ் மஜ்லிஸில் நேரான சொல்

  

எல்லாப் புகழும் ஏக வல்லோனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். அவனது ஸலவாத்தும் ஸலாமும் எம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நமது சமூகத்தில் பேச்சில்லாத கலியாண வீடு அரிது. நிகாஹ் மஜ்லிஸில் கதீப் குத்பா ஓதுகின்றார். பின்னர் மண்டபத்தில் விருந்து தொடங்குமுன் ஒலிவாங்கி கைக்குக் கை மாறுகின்றது. ஒருவர் சட்டமிட்ட வாழ்த்துமடலை வாசித்தளிக்கின்றார். மற்றொருவர் மாப்பிள்ளையின் பட்டங்களையும் பதவியையும் எடுத்துரைக்கின்றார். மூன்றாமவர் பெண்வீட்டாரின் பரம்பரைப் பெருமையைத் தொட்டுப் பேசத் தொடங்கி, ஊர் அரசியலில் வந்து முடிக்கின்றார். ஸஹனைச் சுற்றி அமர்ந்திருப்போரின் கவனமோ சோற்றின் மீது சென்றுவிடுகின்றது. இத்தனை பேச்சுக்கும் காரணமான இருவர் தம் வாழ்க்கைக்கென ஒரு வார்த்தையேனும் பெற்றுச் செல்கின்றனரா என்பதே வினா.

திருமணத்தில் பேசுவது நமக்குப் புதிய வழக்கமன்று. அதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தால், மணமேடையில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லலாகாது என்பதும் தெளிவாகும்.

கதீஜா நாயகியின் திருமணத்தில்

அறபு மக்கள் சொல்வன்மையைத் தம் பெருஞ்செல்வமாகப் போற்றியவர்கள். பெண் கேட்கச் செல்லும் போதும் மணம் முடிக்கும் போதும் இரு குலத்தாரும் எழுந்து உரை நிகழ்த்துவது இஸ்லாத்துக்கு முன்பே அவர்களிடம் நிலைபெற்றிருந்த மரபாகும். குலப்பெருமையை முழங்குவதற்கும் அம்மேடை பயன்பட்டது.

பெண்மக்களும் இதில் பங்கு கொண்டனர். கிந்தா குலத்து மன்னனுக்குத் தன் மகளை மணமுடித்துக் கொடுத்த உமாமா பின்த் அல்ஹாரிஸ் என்ற தாய், மகளைத் தனியே அழைத்துப் பத்து அறிவுரைகள் கூறியதை அறபு இலக்கிய நூல்கள் பாதுகாத்து வைத்துள்ளன. ஊரார் கேட்பதற்காகக் கூறப்பட்ட உரையல்ல அது. வாழப்போகும் மகள் ஒருத்தியின் காதுக்கு மட்டும் உரிய சொற்கள். ஆயினும் ஊரறியப் பேசப்பட்ட எத்தனையோ உரைகள் மறைந்துபோக, அத்தாயின் சொற்கள் நூற்றாண்டுகளைக் கடந்து நிலைத்து விட்டன.

கி.பி. 595ஆம் ஆண்டளவில் நபி (ஸல்) அவர்களுக்கும் கதீஜா (ரழி) அவர்களுக்கும் திருமணம் நடைபெற்றது. அப்போது நபிகளாருக்கு வயது 25 எனச் சீறா நூல்கள் கூறும். மணமகன் சார்பில் பெரிய தந்தை அபூதாலிப் எழுந்து உரை நிகழ்த்தினார். இப்றாஹீம் (அலை) அவர்களின் வழித்தோன்றல்களாகவும் இறையில்லத்தின் பணியாளர்களாகவும் தம்மை ஆக்கிய இறைவனை முதலில் புகழ்ந்தார். தம் தம்பி மகனின் குணச்சிறப்பை எடுத்துரைத்தார். அதன் பின்னர், அவரிடம் செல்வம் குறைவென்பதை அவையறியச் சொன்னார். செல்வம் நீங்கிச் செல்லும் நிழல் போன்றது என்ற கருத்தையும் உடன் வைத்தார். ஈற்றில் மஹரை அறிவித்து உரையை முடித்தார்.

பெற்றோர்களே, இதனைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். மணமகளோ மக்காவின் செல்வச் சீமாட்டி. வணிகக் கூட்டங்களை அனுப்பி வைத்தவர். அத்தகைய குடும்பத்தின் முன்னிலையில், எங்கள் பிள்ளையிடம் பொருள் இல்லை என்று சொல்வதற்கு மாப்பிள்ளை வீட்டார் கூசவில்லை. அவ்வுரையில் புகழ் இருந்தது, உண்மையும் இருந்தது, மணமகன் தர வேண்டிய மஹர் இருந்தது. பெண்வீட்டார் தர வேண்டியது என்று எதுவும் அதில் இல்லை.

நபிகளார் கற்பித்த குத்பா

இஸ்லாம் வந்ததும் இம்மரபு அழிக்கப்படவில்லை; தூய்மை செய்யப்பட்டது. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள், தொழுகையின் தஷஹ்ஹுதை நபி (ஸல்) அவர்கள் தமக்குக் கற்பித்தது போலவே, தேவைகளின் போது ஓதும் குத்பாவையும் கற்பித்தார்கள் என அறிவிக்கின்றார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாஈ, இப்னுமாஜா ஆகிய நான்கு ஸுனன் நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. ‘குத்பதுல் ஹாஜா’ என்று பெயர் பெற்ற இவ்வுரையே இன்றுவரை உலகெங்கும் நிகாஹ் மஜ்லிஸ்களில் ஓதப்பட்டு வருகின்றது.

அதன் அமைப்பு மிகச் சுருக்கமானது. இறைவனைப் புகழ்தல், அவனிடம் உதவியும் மன்னிப்பும் தேடுதல், இரு ஷஹாதாக்களைக் கூறுதல், அதன் பின் திருமறையின் மூன்று இடங்களை ஓதுதல். அவ்வளவே. அவ்விடங்களாவன: ஸூரா ஆல இம்ரானின் 102ஆம் வசனம், ஸூரத்துன் நிஸாவின் முதல் வசனம், ஸூரத்துல் அஹ்ஸாபின் 70, 71ஆம் வசனங்கள்.

இம்மூன்றிலும் மணமகன் பெயரோ மணமகள் பெயரோ குலப்பெருமையோ இல்லை. மூன்றிலும் பொதுவாக நிற்பது தக்வா எனும் இறையச்சம். முதலாவது, முஸ்லிம்களாகவே மரணிக்க வேண்டும் என்பதை நினைவூட்டுகின்றது. மகிழ்ச்சியின் உச்சத்தில் மரணத்தை நினைவூட்டும் மணவுரை இது. இரண்டாவது, ஆணும் பெண்ணும் ஓரான்மாவிலிருந்து வந்தவர்கள் என்பதையும் இரத்த உறவுகளைப் பேண வேண்டும் என்பதையும் உணர்த்துகின்றது. அதனைத் தொடர்ந்துவரும் வசனங்கள் அநாதைகளின் சொத்தைப் பற்றியும், பெண்களுக்குரிய மஹரை மனமுவந்து கொடுப்பதைப் பற்றியும் பேசுகின்றன.

மூன்றாவது வசனமே நமது இன்றைய தலைப்புக்கு உயிர்நாடி. இறைவனை அஞ்சி நடக்குமாறும் நேரான சொல்லைச் சொல்லுமாறும் அது பணிக்கின்றது. நேரான சொல்லைச் சொன்னால் செயல்கள் சீராக்கப்படும், பாவங்கள் மன்னிக்கப்படும் என்றும் வாக்களிக்கின்றது. ஆக, சொல் நேராவது முதலில். வாழ்வு நேராவது அதன் பின். திருமணம் என்ற ஒப்பந்தமே சொல்லினால் ஆனது. வலி கூறும் ஒரு சொல், மணமகன் கூறும் ஒரு சொல், அதற்கு இரு சாட்சிகள். இவற்றால் இரு குடும்பங்களின் வரலாறே மாறிவிடுகின்றது. அந்த வேளையில் சொல்லின் நேர்மையை நினைவூட்டும் வசனத்தைவிடப் பொருத்தமானது வேறெது?

புகழுரையைத் தடுத்த பெருமானார்

மணவீட்டில் மிகைப்படுத்திப் பேசுவதை நபியவர்கள் எவ்வாறு நோக்கினார்கள் என்பதற்கு ஸஹீஹுல் புஹாரியில் ஓர் அரிய நிகழ்ச்சி உண்டு. ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரழி) அவர்களின் திருமணத்துக்கு மறுநாட் காலை நபி (ஸல்) அவர்கள் அவரது இல்லத்துக்கு வருகை தந்தார்கள். அங்கே சிறுமியர் தஃப் அடித்துப் பாடிக்கொண்டிருந்தனர். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ர் களத்தில் ஷஹீதான ருபய்யிஃயின் தந்தையையும் குடும்பத்தாரையும் நினைவுகூர்ந்து பாடினர். அவ்வேளை ஒரு சிறுமி, நாளை நடப்பதை அறியும் நபி எம்மிடையே இருக்கின்றார் என்ற கருத்தில் ஓர் அடியைப் பாடினாள். உடனே நபியவர்கள், அதனை விட்டுவிட்டு முன்னர் பாடியதையே பாடுமாறு பணித்தார்கள்.

இங்கே இரு உண்மைகள் உள்ளன. பாட்டையும் மகிழ்ச்சியையும் பெருமானார் தடுக்கவில்லை. மறைந்த தந்தையரை நினைவுகூர்வதையும் தடுக்கவில்லை. தம்மைப் பற்றிய, எல்லை கடந்த புகழ்ச்சியைத்தான் தடுத்தார்கள். மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. அகிலத்தின் அருட்கொடையே மணவீட்டில் தமக்குரியதல்லாத புகழை ஏற்கவில்லையெனில், மண்டபத்தில் நாம் ஒருவருக்கொருவர் சூட்டிக்கொள்ளும் புகழ்மாலைகளை என்னென்பது!

வாழ்த்தும் மாறியது

அறியாமைக் காலத்து அறபிகள் மணமக்களை வாழ்த்தும்போது, இணக்கம் உண்டாகட்டும், ஆண்மக்கள் பிறக்கட்டும் என்னும் பொருள்பட வாழ்த்துவர். அலி (ரழி) அவர்களின் தமையனார் அகீல் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் பனூ ஜுஷம் குலத்துப் பெண்ணை மணந்தபோது மக்கள் இவ்வாறே வாழ்த்தினர். அகீல் அவர்கள் அதனை ஏற்காது, அவ்வாறு கூறவேண்டாம் என்று திருத்தி, நபியவர்கள் கற்பித்த பரக்கத்தின் துஆவைக் கூறுமாறு பணித்தார்கள்.

பழைய வாழ்த்தில் அல்லாஹ்வின் பெயர் இல்லை. அன்றியும், ஆண்மக்களை மட்டுமே விரும்பும் மனப்பான்மை அதில் ஒளிந்திருந்தது என அறிஞர்கள் விளக்கியுள்ளனர். பெண் குழந்தைகளை உயிரோடு புதைத்த சமூகத்தின் வாழ்த்தல்லவா அது! அதனிடத்தில் நபியவர்கள் வைத்த துஆ, பரக்கத்தை வேண்டுகின்றது. இருவரையும் நன்மையில் ஒன்று சேர்க்குமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சுகின்றது. ஒரு சமூகம் தன் வாழ்த்துச் சொல்லை மாற்றும்போது தன் சிந்தனையையும் மாற்றுகின்றது. ‘முதற்பிள்ளை ஆண்பிள்ளையாகட்டும்’ என்று இன்றும் மணமேடையில் வாழ்த்துவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்திப்பாராக.

சொல்லில் உள்ள சூனியம்

கிழக்குத் திசையிலிருந்து வந்த இருவர் மதீனாவில் உரை நிகழ்த்தியபோது, சில சொல்வன்மையில் சூனியம் போன்ற கவர்ச்சி உண்டு என நபியவர்கள் குறிப்பிட்டார்கள். இந்த ஹதீஸை இமாம் புஹாரி (ரஹ்) அவர்கள் தம் நூலின் திருமணப் பகுதியில், குத்பா என்ற தலைப்பின் கீழ் வைத்துள்ளார்கள். பேச்சு மனத்தைக் கவரும். கவரும் பொருள் எதையும் அளவோடும் நேர்மையோடும் கையாள வேண்டும் என்ற எச்சரிக்கை அதிலிருந்து நமக்குக் கிடைக்கின்றது. ஜும்ஆவைப் பொறுத்தவரையில், குத்பாவைச் சுருக்குவது ஒருவரின் மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என்ற நபிமொழியை அம்மார் இப்னு யாஸிர் (ரழி) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கின்றோம்.

பிற்கால மார்க்கச் சட்ட அறிஞர்களும் மணவுரைக்கு உரிய இடத்தை வரையறுத்தனர். தாவூத் அழ்ழாஹிரி அவர்கள் நிகாஹ் குத்பாவைக் கட்டாயம் எனக் கருதினார்கள். பெரும்பாலான அறிஞர்களோ அதனை விரும்பத்தக்க ஸுன்னத் என்றே கொண்டனர். குர்ஆனிலிருந்து தாம் அறிந்திருந்ததையே மஹராக்கி மணமுடித்த ஏழைத் தோழரின் நிகழ்ச்சியை ஸஹ்ல் இப்னு ஸஃத் (ரழி) அவர்கள் விரிவாக அறிவிக்கின்றார்கள். அதில் குத்பா எதுவும் குறிப்பிடப்படவில்லை. அவரிடம் ஓர் இரும்பு மோதிரம் கூட இருக்கவில்லை.

இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பெரும் இமாமாகிய நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) வபாத்தானவர்கள். அன்னாரின் ‘மின்ஹாஜ்’ நூலில் ஒரு நுட்பமான சட்டம் உண்டு. வலி ஈஜாபைக் கூறியதற்கும் மணமகன் கபூலைக் கூறுவதற்கும் இடையில் திக்ர் நீண்டுவிட்டால் நிகாஹ் செல்லாது என்பதே அது. இறைபுகழே ஆயினும் இடமறியாமல் நீண்டால் ஒப்பந்தத்தைக் கெடுத்துவிடும். பேச்சாளர்கள் மனத்திற் பதிக்க வேண்டிய சட்டமல்லவா இது!

பேசாத ஒருத்தியின் சொல்

மணவீட்டில் எல்லோரும் பேசுகின்றனர். மணமகள் மட்டும் பேசுவதில்லை. ஆனால் அவளது சொல்லுக்கு மார்க்கம் கொடுத்த மதிப்பு சிறிதன்று. கன்ஸா பின்த் கிதாம் (ரழி) என்ற அன்ஸாரிப் பெண்மணியை, முன்னரே மணமாகியிருந்த அவரை, அவரது தந்தை அவர் விரும்பாத ஒருவருக்கு மணமுடித்து வைத்தார். அவர் நபியவர்களிடம் வந்து முறையிட்டார். நபியவர்கள் அந்நிகாஹை ரத்துச் செய்தார்கள். இதுவும் ஸஹீஹுல் புஹாரியில் உள்ளது. தன்னைத் தந்தை தன் விருப்பமின்றி மணமுடித்து வைத்ததாக முறையிட்ட ஒரு கன்னிப் பெண்ணுக்கு நபியவர்கள் தெரிவு செய்யும் உரிமையை வழங்கியதாக இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பொன்று அபூதாவூதில் காணப்படுகின்றது.

எத்தனை இனிய உரைகள் நிகழ்த்தப்பட்டிருந்தாலும் அவளது சம்மதம் உள்ளத்திலிருந்து வரவில்லையாயின் அம்மேடையில் நேரான சொல் சொல்லப்படவில்லை என்பதே பொருள்.

நம் நாட்டில்

இலங்கை முஸ்லிம்களின் திருமண முறைமைகள் ஒல்லாந்தர் காலத்திலேயே எழுத்தில் தொகுக்கப்படத் தொடங்கின. ஆங்கிலேயர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டு முஹம்மதிய சட்டக்கோவை வெளியிடப்பட்டது. 1886ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் திருமணப் பதிவுக்கு வழிவகுத்தது. 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அதன் பின் வந்தது. அதனைத் தொடர்ந்து 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 1954இல் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் இரு அம்சங்கள் நம் தலைப்போடு தொடர்புடையவை. ஒன்று, மஹரோடு ‘கைக்கூலி’ என்ற நமது பேச்சு வழக்குச் சொல்லும் அதில் இடம்பெற்று, விளக்கமும் பெற்றது. மாப்பிள்ளைக்குப் பெண் தரப்பிலிருந்து பணமோ பொருளோ கொடுக்கும் வழக்கம் சட்டநூலே பெயரிட்டுக் குறிக்க வேண்டிய அளவுக்கு வேரூன்றி இருந்தது. மற்றொன்று, பதிவுப் பிரகடனத்தில் கையொப்பமிடும் பொறுப்பு மணமகன், வலி, நிகாஹை நடத்தி வைத்தவர் ஆகியோருக்கு விதிக்கப்பட்டது. மணமகளின் கையொப்பம் கோரப்படவில்லை. இது பிற்காலத்தில் நீண்ட விவாதத்துக்குரிய பொருளாயிற்று.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழக்கரையில் வாழ்ந்து இலங்கையிலும் பெரும் பணியாற்றிய மாப்பிள்ளை ஆலிம் எனும் இமாமுல் அரூஸ் (ரஹ்) அவர்கள் 1898இல் வபாத்தானார்கள். அறபு அறியாத பாமர மக்களும் பெண்களும் மார்க்கச் சட்டங்களை விளங்கிக் கொள்ள வேண்டுமென்பதற்காகவே அன்னார் அறபுத் தமிழில் நூல்கள் யாத்தார்கள். நம் முன்னோரின் கவலை அதுவாக இருந்தது. இன்றோ நிகாஹ் குத்பா அறபியில் ஓதப்பட்டு, பொருள் கூறப்படாமலே முடிந்துவிடுவதைப் பல இடங்களில் காண்கின்றோம். பொருள் விளங்கும் தமிழில் எழுவது புகழுரை மட்டுமே. மணமக்கள் விளங்கிக் கொள்ள வேண்டியது விளங்காத மொழியிலும், தேவையற்றது விளங்கும் மொழியிலும் அமைந்துவிடுகின்றது!

நாம் செய்யத்தக்கவை

நேயர்களே, பேச்சை நிறுத்திவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. அதனை அதன் மூலத்துக்குத் திருப்புங்கள் என்றே வேண்டுகின்றோம்.

முதலாவதாக, குத்பா ஓதும் ஆலிம்கள் அம்மூன்று வசனங்களின் பொருளை நிகாஹுக்கு முன்னர் ஐந்து நிமிடம் தமிழில் எடுத்துரைக்கட்டும். அதனை மணமகளும் பெண்கள் பகுதியில் இருப்போரும் கேட்கும்படி ஒலிபெருக்கி அமையட்டும்.

இரண்டாவதாக, மஹர் எவ்வளவு என்பதை அவையறியச் சொல்லுங்கள். அலி (ரழி) அவர்கள் பாத்திமா (ரழி) அவர்களுக்கு மஹராகக் கொடுத்தது ஒரு கவசத்தையே; அது வரலாறு முழுவதும் பேசப்படுகின்றது. மஹரின் அளவைச் சொல்ல நாணுகின்றவர், வாங்கிய கைக்கூலியைச் சொல்லவும் நாண வேண்டும். ‘எளிமையான திருமணம்’ என்று மேடையில் ஒருவர் புகழ்ந்து கொண்டிருக்க, மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த கடனை எண்ணிப் பெண்ணின் தந்தை தலை குனிந்திருப்பாராயின், அங்கு ஓதப்பட்ட மூன்றாவது வசனம் நமக்குச் சாட்சியாக நிற்குமா, நமக்கெதிராக நிற்குமா?

மூன்றாவதாக, பெற்றோர்களே, உங்கள் மகளின் விருப்பத்தைக் கலியாண நாளன்று அவசரத்தில் கேட்காதீர்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டுமுன், அவள் நம்பும் ஒருவர் மூலம், மறுப்பதற்கும் இடம் வைத்துக் கேளுங்கள். உமாமா என்ற அத்தாயைப் போல, மகளுக்கும் மகனுக்கும் சொல்ல வேண்டியதைத் தனியே அமர்ந்து சொல்லுங்கள்.

நான்காவதாக, இளைஞர்களே, மேடையில் உங்களுக்கு ஒரு நிமிடம் கிடைத்தால் அபூதாலிபின் உரையை எண்ணிப் பாருங்கள். இல்லாததை இல்லை என்று சொல்லும் துணிவு அதில் இருந்தது. என் உழைப்பில் என் மனைவியைக் காப்பேன், அவளது பெற்றோரிடம் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று நீங்கள் அவையறியச் சொல்வீர்களாயின், அவ்வொரு சொல் பத்து வாழ்த்துமடல்களுக்கு மேலானது. சொல்லிவிட்டு அதன்படி நிற்பதே ஆண்மை.

ஐந்தாவதாக, வாழ்த்த வருவோர் நபியவர்கள் கற்பித்த பரக்கத்தின் துஆவைப் பாடமிட்டு, அதன் பொருளையும் அறிந்து கூறட்டும். விருந்துக்குப் பொறுப்பானவர்கள், செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தே உணவுகளிற் கெட்டது என்ற நபிமொழியை மறவாதிருக்கட்டும். வாயிலில் நிற்கும் வறியவரை உள்ளே அழைத்து அமர்த்தும் ‘வாருங்கள்’ என்ற சொல்லும் அன்று சொல்லத்தக்க நேரான சொற்களில் ஒன்றே.

அன்பர்களே, மண்டபத்து விளக்குகள் அணைந்துவிடும்; வாழ்த்துமடலின் கண்ணாடியில் தூசி படியும். ஈஜாபும் கபூலுமாகிய அவ்விரு சொற்களோ மணமக்களின் வாழ்நாள் முழுவதும் நிலைத்திருக்கும், மறுமையிலும் விசாரிக்கப்படும். அவற்றைச் சுற்றி நாம் பேசும் சொற்களும் அவற்றுக்குத் தகுதியானவையாக இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளில் நேரான சொல்லை நிலைபெறச் செய்வானாக! புதிதாய் இல்லறம் புகும் நம் பிள்ளைகளை நன்மையில் ஒன்று சேர்ப்பானாக! கைக்கூலியின் சுமையால் நாட்கள் கடந்தும் மணமாகாதிருக்கும் நம் சகோதரிகளுக்கு நல்வழி காட்டுவானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.